பிலிமுக்குப் பதம் பார்ப்பது

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் மாடக்குழியில் நின்றிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோனது. 2004-இல் அதைச் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அது விருத்தாசலத்துச் சிலைதான் என்று நிறுவ உதவியவை, நம் ஊரான புதுச்சேரியின் செயிண்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் காத்து வைத்திருந்த, 1970-களில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள். 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. கல்லில் விழுந்த ஒரு சின்ன உடைசல், மூக்கு நுனியின் தேய்வு, உளி சறுக்கிய தடம் போன்ற அடையாளங்களால்தான் ஒரு சிலையை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியும். அவை பெரும்பாலும் மாடக்குழியின் நிழலுக்குள் ஒளிந்திருப்பவை. வெளியே கருங்கல் சுவர் வெயிலில் காய்கிறது. உள்ளே சிலை அரையிருட்டில் நிற்கிறது. இரண்டையும் ஒரே நெகட்டிவ் வாங்கி வைத்துக்கொண்டால்தான் நாற்பது ஆண்டு கழித்து அது சாட்சி சொல்லும். கேமராவில் பாதி வேலைதான் நடக்கிறது. மீதிப் பாதி டெவலப்பரில், சில நிமிடங்களில் நடக்கிறது. அந்த நிமிடங்கள் எத்தனை என்பதை வெளியூர் அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, நம் தண்ணீரிலும் நம் வெயிலிலும் நம் கருவிகளிலும் சோதித்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

தமிழில் நாம் 'பிலிம் கழுவுவது' என்று சொல்கிறோம். ஸ்டுடியோக்காரர்கள் வாயில் பழகிய நல்ல சொல்தான். ஆனால் அது ஒரு தவறான எண்ணத்தையும் கூடவே கொண்டுவருகிறது. பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் கூடுதலாகக் கழுவினால் கேடு ஒன்றுமில்லை. பிலிம் அப்படிப்பட்டதில்லை. டெவலப்பரில் நடப்பது சமையல். ஒளி பட்ட வெள்ளி உப்புத் துகள்களை மெட்டால், ஹைட்ரோகுயினோன் என்ற வேதிப்பொருள்கள் கருத்த வெள்ளியாக மாற்றுகின்றன. நிழல் பகுதிகளில் ஒளி பட்ட துகள்கள் குறைவு. அங்கே வேலை சீக்கிரமே பெரும்பாலும் முடிந்துவிடும். வெயில் பட்ட பகுதிகளில் துகள்கள் ஏராளம். டெவலப்பர் இருக்கும் வரை அங்கே கருமை ஏறிக்கொண்டே போகும். ஆகவே நேரத்தைக் கூட்டினால் நிழல் கொஞ்சம்தான் மாறும், வெளிச்சம் நிறைய மாறும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அதாவது கான்ட்ராஸ்ட், நேரத்தின் கையில் இருக்கிறது. நிழலைக் காப்பது எக்ஸ்போஷர். வெளிச்சத்தைக் கட்டுக்குள் வைப்பது டெவலப் செய்யும் நேரம். இதை அளந்து வரைகோடாக முதலில் காட்டியவர்கள் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர். ஒருவர் வேதியியலாளர், மற்றவர் பொறியாளர். 1890-இல் இங்கிலாந்தில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான், பிலிமின் கருமை என்பது கைராசி இல்லை, அளக்கக்கூடிய ஒன்று என்று ஆயிற்று.

அப்படியென்றால் அதற்கு முன்பும், அதன் பின் பல்லாண்டுகளும், சோதனை என்று ஒன்றும் செய்யாமல் ஸ்டுடியோக்காரர்கள் எப்படி அழகழகான கண்ணாடி நெகட்டிவ்களைச் செய்தார்கள் என்று கேட்கலாம். நம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தோடு சேர்ந்து தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்பதிவு செய்தது. அப்படிப்பட்ட தொகுப்புகளைப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். விடை எளிது: அவர்கள் கண்ணால் சோதித்தார்கள். அந்தக் காலத் தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தட்டை டிரேயில் ஆட்டி ஆட்டி, உருவம் எழும்புவதைப் பார்த்து, போதும் என்று தோன்றும் நேரத்தில் எடுத்துவிடலாம். பாகு காய்ச்சுகிறவர் ஒரு சொட்டை விரல்களுக்கிடையே இழுத்தோ தண்ணீரில் விட்டு உருட்டியோ பார்த்துக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சொல்வதைப் போல. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் வந்த பிறகு சிவப்பு விளக்குக்கு இடமில்லாமல் போனது. முழு இருட்டு, மூடிய டேங்க், கையில் கடிகாரம். கண் பார்த்த பதத்தின் இடத்தில் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. கடிகாரத்துக்குப் பதம் தெரியாது. நாம் சொல்லிக்கொடுத்த எண்ணைத்தான் அது திருப்பிச் சொல்லும். அந்த எண்ணை யார் சொல்லிக்கொடுத்தது என்பதுதான் கேள்வி. இன்று பெரும்பாலும் பிலிம் கம்பெனியின் அட்டவணை சொல்லிக்கொடுக்கிறது. அந்த அட்டவணை 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரையும், ஒரு குறிப்பிட்ட முறையில் டேங்கை ஆட்டுவதையும், சராசரியான வெயிலையும், சராசரியான என்லார்ஜரையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. பொய் என்று அதைச் சொல்ல முடியாது. அது எழுதப்பட்ட நிபந்தனைகள் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

புதுச்சேரித் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். மார்கழி விடியலில்கூட அது 20 டிகிரிக்கு இறங்குவது அரிது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் கலப்பில்லாமல் போட்டால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று கம்பெனி சொல்கிறது. சூடு ஒரு டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். 28 டிகிரியில் அது மூன்றரை நிமிடத்தை ஒட்டி வந்துவிடுகிறது. டேங்கில் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் இருபது முப்பது விநாடி, மூன்றரை நிமிடத்தில் சிறிய பங்கில்லை. பிலிமின் ஒரு ஓரம் முன்னால் நனைந்து இன்னொரு ஓரம் பின்னால் நனைந்தால், வானத்தில் திட்டுத் திட்டாகக் கறை தெரியும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். இதற்குப் பலர் சொல்லும் தீர்வு ஐஸ் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவருவது. கொண்டுவரலாம், ஆனால் நிறுத்தி வைக்க முடியாது. 32 டிகிரி அறையில் 20 டிகிரி டெவலப்பர் பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். தொடங்கிய சூடு ஒன்று, முடிந்த சூடு வேறு. என் தீர்ப்பு வேறு மாதிரி: ஆண்டு முழுவதும் இந்த ஊரில் எளிதாகப் பிடித்து வைக்கக்கூடிய ஒரு சூட்டைத் தேர்ந்தெடுங்கள். 26 டிகிரி நல்ல இடம். கோடையில் கொஞ்சம் ஐஸ், மார்கழியில் கொஞ்சம் வெந்நீர், அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி அதற்குள் டேங்கை வைத்தால் போதும். டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்துகொண்டால் 20 டிகிரிக்கான 13 நிமிடம், 26-இல் ஏழரை நிமிடத்தை ஒட்டி வரும். ஸ்டாப் பாத், ஹைப்போ, கடைசிக் கழுவல் எல்லாம் அதே சூட்டில் இருக்கட்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சூடு சட்டென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல் வெடிக்கும். டெவலப்பர் கலக்கக் கிணற்றுத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ எடுக்க வேண்டாம். கடலோர ஊரில் அதில் உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும். கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் என்றும் ஒன்றுபோல இருக்கும்.

ஆனால் ஏழரை நிமிடம் என்பதும் வெறும் கணக்குதானே? ஆமாம், அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன். சூட்டுக்கும் நேரத்துக்குமான பொது அட்டவணை ஒரு சராசரி. மெட்டால் சூட்டுக்குக் கொஞ்சம்தான் அசைந்து கொடுக்கும். ஹைட்ரோகுயினோன் நிறைய அசைந்து கொடுக்கும். இரண்டின் விகிதம் ஒவ்வொரு டெவலப்பரிலும் வேறு. உங்கள் தெர்மாமீட்டர் ஒரு டிகிரி தப்பாகக் காட்டலாம், ஷட்டர் சோம்பலாக இருக்கலாம், லைட் மீட்டர் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) தாராளமாக அளக்கலாம், நீங்கள் டேங்கை ஆட்டும் வேகம் இன்னொருவருக்கு வராது. இந்தப் பிழைகளைத் தனித்தனியே தேடித் திருத்தப் போனால் ஆயுள் போதாது. சோதனை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடைபோட்டுவிடுகிறது. அதன் பெரிய வசதி அதுதான்.

சோதனை என்றதும் ஆய்வகம் கண்முன் வர வேண்டாம். காலை பத்து மணிக்கு, நிழல் விழுந்த ஒரு வெள்ளைச் சுவர் போதும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? சுவர் முழுக்க ஒரே வெளிச்சம் இருக்க வேண்டும், மேகம் ஓடாத வேளையாக இருக்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, சுவரின் சொரசொரப்பு பதியாதபடி லென்ஸைத் தொலைவுக்குத் திருப்பிவிடுங்கள். சுவரை அளந்தால் மீட்டர் சொல்வது நடுச்சாம்பல். அதிலிருந்து ஆறு படங்கள் எடுக்க வேண்டும். முதலாவது, லென்ஸ் மூடியைப் போட்டபடியே எடுத்த வெற்றுப் படம். இரண்டாவது, மீட்டர் சொன்னதைவிட நான்கு ஸ்டாப் குறைத்து. மூன்றாவது, மூன்று ஸ்டாப் குறைத்து. நான்காவது, மீட்டர் சொன்னபடியே. ஐந்தாவது மூன்று ஸ்டாப் கூட்டி, ஆறாவது நான்கு ஸ்டாப் கூட்டி. சுருள் தீரும் வரை இந்த ஆறையே திருப்பித் திருப்பி எடுங்கள். இருட்டில் சுருளை மூன்று துண்டாக வெட்டி, சூடும் ஆட்டமும் மாறாமல் ஒன்றை ஆறு நிமிடம், ஒன்றை ஏழரை, ஒன்றை ஒன்பது நிமிடம் டெவலப் செய்யுங்கள். வெட்டும்போது கை வியர்வை பிலிமில் படக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ரீல் துளி ஈரமாக இருந்தாலும் பிலிம் பாதியில் சிக்கி நின்றுவிடும். காய்ந்த பிறகு லைட் பாக்ஸில் வைத்து ஸ்பாட் மீட்டரால் வெற்றுப் படத்தை அளந்து பாருங்கள், பிறகு மற்றவற்றை. ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் கருமை 0.3. நான்கு ஸ்டாப் குறைத்த படம் வெற்றுப் படத்தைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் கருத்திருந்தால், அதாவது 0.1, அந்த பிலிமின் வேகம் பெட்டியில் போட்டிருப்பதேதான். அது வெறுமையாக நின்று, மூன்று ஸ்டாப் குறைத்த படத்தில்தான் அந்தக் கருமை வருகிறதென்றால், 400 என்று எழுதிய பிலிம் உங்கள் கையில் 200. முதலில் இதைத் தீர்க்க வேண்டும். நிழலுக்கு ஒளியே போகாதபோது எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் பயனில்லை. வேகம் 400 என்றால் ஐந்தாவது படத்தையும், 200 என்றால் ஆறாவது படத்தையும் பாருங்கள். கண்டன்சர் என்லார்ஜர் வைத்திருப்பவருக்கு அது வெற்றுப் படத்தைவிட நான்கு ஸ்டாப் கருத்திருக்க வேண்டும், பரவல் ஒளி என்லார்ஜர் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்று துண்டுகளில் எது அந்த இடத்துக்கு வந்து நிற்கிறதோ, அதன் நிமிடம்தான் உங்கள் நிமிடம். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட் மீட்டர் இல்லாதவர் பேப்பரிலேயே பார்க்கலாம். பிலிமின் வெற்று ஓரம் முழுக் கருப்பாக அச்சாக எவ்வளவு குறைந்த நேரம் தேவையோ, அதே நேரத்தில் அந்தப் படத்தை அச்சடியுங்கள். வெள்ளைப் பேப்பரிலிருந்து கண்ணுக்கு மட்டுமட்டாகப் பிரிந்து தெரிகிற சாம்பல் வந்தால் அதுவே பதம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோதனையின் நியாயமும் அதன் எல்லையும் இந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கின்றன. பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர் என்பதால்தான் ஒரு சோறு மற்றதற்கெல்லாம் சாட்சி சொல்ல முடிகிறது. சோதனைத் துண்டை நிதானமாகக் கழுவிவிட்டு உண்மையான சுருளை அவசரமாக ஆட்டினால் சோதனை செல்லாது. இல்ஃபோர்ட் சொல்லும் ஆட்டம் இது: முதல் பத்து விநாடியில் நான்கு முறை கவிழ்ப்பது, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து விநாடி அதே நான்கு. எதை வைத்துக்கொண்டாலும் அதிலிருந்து மாறக் கூடாது. இந்த ஒழுங்கின் அருமையை 1858-இல் லின்னியஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் காட்டியிருக்கிறார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான அவர், கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக ஆக்கினார். அருகருகே ஒட்டும் இரண்டு படங்களின் கருமை வேறுபட்டால் ஒட்டுத் தெரிந்துவிடும். தெர்மாஸ்டாட்டும் அட்டவணையும் இல்லாத நாளில், தென்னிந்திய வெயிலில், அத்தனை படங்களைத் தொடர்ச்சியாக ஒட்டும்படி செய்வது யூகத்தில் நடக்கிற காரியமா? பிற்காலத்தில் சினிமா லேப்களும் இந்த வழியைத்தான் பிடித்தன. நாள்தோறும் படியளவுகள் பதித்த ஒரு துண்டு பிலிமை முதலில் கழுவி அளந்து பார்த்துவிட்டுத்தான் நடிகர் முகம் இருக்கும் நெகட்டிவை உள்ளே விடுவார்கள்.

சோதனையில் கிடைத்த எண்ணும் ஒரே எண்ணாக நிற்காது. கோடைக் காலையில் கடற்கரைச் சாலையில், கிழக்கிலிருந்து நேராக விழும் வெயிலில் மின்னும் வெள்ளைத் தூணும், பக்கத்துத் தாழ்வார நிழலில் இருக்கும் தேக்குக் கதவும் ஒரே படத்தில் வரும்போது, இரண்டுக்கும் இடையே ஏழெட்டு ஸ்டாப் தூரம் இருக்கக்கூடும். அந்தச் சுருளுக்கு நிமிடத்தைப் பதினைந்து இருபது சதவீதம் குறைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மூடிய வானத்தின் கீழ் அதே தெரு தட்டையாகிவிடும். அப்போது அதே அளவு கூட்டலாம். 36 படச் சுருளில் வெயிலும் மழையும் கலந்து வந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. எல்லாப் படத்துக்கும் பொருந்தும் நேரம் கிடையாது என்று ஒப்புக்கொள்கிறேன். கடினமான வெயிலுக்கு ஏற்ற நேரத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைப் பேப்பரின் கிரேடைக் கூட்டிச் சமாளிப்பதுதான் வழி. பதினைந்து விநாடி கூடிற்றா குறைந்ததா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: பத்து சதவீதத்துக்குக் குறைந்த மாற்றம் பிரிண்டில் பெரும்பாலும் தெரியாது. சோதனை வேண்டும் என்பது சோதனைப் பித்து வேண்டும் என்று ஆகாது.

இனி, பலமான மறுப்புகள். இன்று யார் என்லார்ஜரில் அச்சடிக்கிறார்கள், ஸ்கேன் செய்து கணினியில் சரிசெய்துகொள்ளலாமே என்பது முதலாவது. கணினி இருப்பதைத்தான் மாற்றும், இல்லாததைத் தராது. வெற்றுப் பிலிமாக நிற்கும் மாடக்குழியிலிருந்து எந்த மென்பொருளும் உளித்தடத்தை எடுத்துத் தர முடியாது. அது வரைந்து தந்தால் அது சாட்சியாகாது. மறுபக்கம், கூடுதலாக வெந்த நெகட்டிவில் வெளிச்சப் பகுதி கருங்கட்டியாகிவிட்டால் ஸ்கேனரின் ஒளி அதைத் துளைக்கத் திணறும், புள்ளி புள்ளியாய் இரைச்சல் சேரும், துகளும் தடிக்கும். ஸ்கேன் செய்பவருக்குச் சற்று மென்மையான நெகட்டிவ் ஏற்றது என்பது உண்மை. அந்த மென்மைக்கு எத்தனை நிமிடம் என்பதையும் சோதித்துத்தான் அறிய வேண்டும். இரண்டாவது மறுப்பு பெரிய பெயர்களைத் துணைக்கு அழைக்கிறது. 1950 ஏப்ரலில் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இதே ஊருக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-இல் ஸ்ரீ அரவிந்தர் மறைந்ததால் அவை விலைமதிப்பற்ற படங்களாயின. இருட்டறை வேலையில் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனுக்கு நாட்டமில்லை என்பது உலகறிந்தது. அவரே சோதிக்கவில்லை, நமக்கு எதற்கு என்கிறார்கள். அவர் சோதிக்கவில்லை, ஆனால் அவருக்காகச் சோதித்தவர்கள் இருந்தார்கள். பாரீசில் பியர் காஸ்மான் நிறுவிய பிக்டோ லேப் பல பத்தாண்டுகள் அவருடைய வேலையைச் சுமந்தது. தன் கையால் டேங்கை ஆட்டுகிறவர் தனக்குத் தானே காஸ்மானாகவும் இருந்தாக வேண்டும். மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன்: பிலிம் விலை. ஒரு சுருளுக்குப் பல நூறு ரூபாய் கொடுக்கும் மாணவரிடம் அதில் வெள்ளைச் சுவரை எடு என்று சொல்வது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறான நேரத்தின் விலை ஒரு சுருளோடு நிற்பதில்லை. கோயில் திருப்பணியில் நாளை பூசப்படப்போகும் ஒரு தூணை, இடிபடப்போகும் ஒரு வீட்டை, மறுபடி எடுக்க முடியாது. சோதனைக்கு ஒரு சுருள் போனால் அந்த வகைப் பிலிமுக்கு அது பல மாதங்களுக்குப் போதும்.

பழைய பிலிமைத் தேடி வாங்குகிறவர்களுக்குச் சோதனையைத் தவிர வேறு வழியும் கிடையாது. உதகமண்டலத்தில் பிரான்சின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிமைத் தந்தது. அந்தத் தொழிற்சாலை இன்று ஓடவில்லை. எங்காவது ஒரு பழைய கடையின் அலமாரியில் அதன் பெட்டி கிடைத்தால், மேலே போட்டிருக்கும் வேகமும் நேரமும் இத்தனை கோடைகளைத் தாங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. அதன் வெற்றுப் பிலிமே சாம்பல் பூத்திருக்கும். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சோதித்த பிறகே மற்றதைக் கேமராவில் போட வேண்டும்.

இங்கே கூடியிருப்பவர்களில் பலர் தெருக்களையும் கோயில்களையும் பழைய வீடுகளையும் பிலிமில் பதித்து வருகிறவர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நெகட்டிவ் உறையின் மேல் இடம், தேதியோடு டெவலப்பர், கலப்பு, சூடு, நிமிடம் நான்கையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்து வாங்கும் சுருள்களில் முதல் ஒன்றை, வேறு எதையும் எடுக்கும் முன், நிழல் விழுந்த ஒரு வெள்ளைச் சுவருக்குக் கொடுங்கள்.